தலைவரின் ரத்தத்துக்கு உறுமி மேளம்

டுரியான் துங்கால் மாரியம்மன் கோயில் தலைவர் சேகரனின் விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் காலியாக இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் அச்சுப் பிழை என்று நினைப்பார்கள். பிழை இல்லை. மாநில அரசு கொடுக்கும் டத்தோ பட்டம் எந்த வருஷமும் வரலாம். வந்த பிறகு கார்டை மாற்றியடிப்பது வீண் வேலை என்பது அவருடைய முன்யோசனை. டயர் கடைக்காரர் அல்லவா, எதற்கும் ஒரு ஸ்பேர் வைத்திருப்பார்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை, திருவிழாக் கமிட்டிக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, மைக் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். வலது கை வரமாட்டேன் என்றது. இடது கையால் எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஆறிப்போன கஞ்சி மாதிரி கொழகொழவென்று வந்தன. ஆனால் அவர் பேசும்போது யாரும் காது கொடுப்பதில்லை என்பது அந்தச் சபையின் நெடுநாள் வழக்கம். ஆகவே ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கைதட்டல்கூட வழக்கமான இடத்தில்தான் வந்தது.

கவனித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர் மனைவி கமலவேணி. இன்னொருவர் கோயில் செயலாளர் காந்தன். நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலைவர் நாற்காலியின் நீள அகலத்தைப் பல வருஷமாகக் கண்ணாலேயே அளந்துவருகிறவர்.

வீட்டுக்கு வருவதற்குள் கையும் வாயும் ஒன்றுமே நடக்காதது போல் சரியாகிவிட்டன.

"வாயு," என்றார் சேகரன். "மத்தியானம் கச்சாங் கடலை தின்னேன்ல, அந்த வாயு."

"வாயு வயித்துல வரும். கையிலயும் வாயிலயுமா வரும்? இப்பவே கெளம்புங்க, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஆஸ்பத்திரியா! அங்க மருந்துக்கு உக்காந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேரு நம்ம கோயில் மெம்பரு. நான் கார் பார்க் பண்றதுக்குள்ள வாட்ஸப்ல வந்துடும். அடுத்த மாசம் ஆண்டுக் கூட்டம் வேணி, எலெக்‌ஷன். திருவிழாவுல பரிவட்டத்த அந்தக் காந்தன் மண்டையில கட்டிப் பாக்கணுமா ஒனக்கு?"

"மொதல்ல உங்க மண்டை நல்லா இருக்கட்டும். அப்புறம் பட்டுத் துணியக் கட்டலாம்."

அவர் அசையவில்லை. காந்தனோ சனிக்கிழமை காலையில் பசாரில் மீன் வாங்கும் சாக்கில், "தலைவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சாம், பாவம்லா," என்று ஊரெல்லாம் பரிதாபப்பட்டு முடித்துவிட்டார். அவ்வளவு பரிதாபத்தை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஷாமினி வந்து சேர்ந்தாள். சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பத்துப் பெண். இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருப்பதால், கோயிலுக்கு வரும்போதெல்லாம் நாலு பேர் முட்டிவலிக்கு மருந்து கேட்பார்கள். "நான் அந்த டாக்டர் இல்லீங்க," என்பாள். "சரிம்மா, வலி இந்தப் பக்கம்," என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ரத்தம் சேகரிக்க அவள் முன்பே அனுமதி வாங்கியிருந்தாள். எதற்கென்று சேகரனிடம் மறுபடி விளக்கினாள்.

"அங்கிள், நம்ம ரத்தத்துல மைக்ரோ ஆர்.என்.ஏன்னு குட்டிக் குட்டி இழைங்க மிதக்குது. ரத்தக் குழாய்ல கொழுப்பு படிஞ்சு அடைச்சாலோ, மூளைக்கு ரத்தம் போகாம ஸ்ட்ரோக் வந்தாலோ, அதுல சில இழை கூடும், சிலது கொறையும். ஸ்ட்ரோக் வந்தவங்க ரத்தத்தையும் நல்லா இருக்கிறவங்க ரத்தத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தா எது எதுன்னு பிடிக்கலாம். பிற்காலத்துல ஒரு டியூப் ரத்தத்துலயே கண்டுபிடிக்கலாம்."

"அப்ப குழாய் சுத்தமா இருக்கான்னு ரத்தத்துலயே தெரிஞ்சிடும்."

"இன்னும் இல்ல அங்கிள். இது ஆராய்ச்சி. நூத்துக்கணக்கான பேர சேத்துப் பாத்தாதான் ஏதாவது சொல்லலாம். ஒருத்தருக்குத் தனியா இப்படின்னு சொல்ல முடியாது. உங்க கையில ரிசல்ட் எதுவும் வராது."

இந்தப் பேச்சில் 'ரிசல்ட்' என்பதும் 'வரும்' என்பதும் மட்டும் சேகரன் காதில் விழுந்தன. இரண்டாவதை ஷாமினி சொல்லவேயில்லை என்பது அவருக்கு ஒரு தடையாக இல்லை. ஆஸ்பத்திரிப் படியே ஏறாமல், பல்கலைக்கழகமே கொடுக்கிற நற்சான்று! அதைப் பெரிய திரையில் போட்டு, ஆண்டுக் கூட்டத்தில் காந்தனை முன்வரிசையில் உட்காரவைத்துக் காட்ட வேண்டும். அன்றிரவு அவர் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார்.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்துவிட்டது. இலவசமாக ரத்தம் எடுக்கிறார்கள் என்றால் நம் சனம் விடுமா? மேசையில் நர்ஸ் நளினி மிஸ்ஸி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஐஸ் பெட்டி. ஏற்கெனவே ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குச் சட்டையில் ஒட்ட சிவப்பு ஸ்டிக்கர், ஆரோக்கியமானவர்களுக்குப் பச்சை.

சேகரன் பட்டு ஜிப்பாவில் வந்தார். வந்ததும் பச்சை ஸ்டிக்கரைத் தானே எடுத்து ஒட்டிக்கொண்டார். ஒன்று போதாது என்று முதுகிலும் ஒன்று.

"அங்கிள், பிரஷர் கூட இருக்கே," என்றார் நளினி மிஸ்ஸி.

"ஊசியப் பாத்து வந்த பிரஷருமா அது."

ஷாமினி கேட்டாள்: "கை கால் மரத்துப் போறது, வாய் கோணுறது, பேச்சு கொழறுறது, இந்த மாதிரி எப்பவாவது வந்திருக்கா?"

"எனக்கா?" என்று சேகரன் சிரித்த சிரிப்பில் மண்டபமே திரும்பியது.

பின்னால் நின்ற கமலவேணிக்கு இருமல் வந்தது.

"ஆண்ட்டிக்கு இருமலா?"

"சில பேச்சக் கேட்டா எனக்கு வரும்மா."

வரிசை வாசல்வரை நீண்டிருந்ததால் ஷாமினிக்கு அந்த இருமலை ஆராய நேரமில்லை.

முதல் டியூப் யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. கோயிலில் முதல் தேங்காய் தலைவருடையது, முதல் கும்பம் தலைவருடையது, முதல் பந்தியில் முதல் வடையும் அவருடையது. ரத்தம் மட்டும் விதிவிலக்கா? எடுத்தாயிற்று. நளினி மிஸ்ஸி டியூபை ஐஸ் பெட்டிக்குக் கொண்டுபோனபோது சேகரன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரும்மா. அம்மன சுத்தாம உள்ள வைக்கலாமா?"

"என்னது?"

"இந்தக் கோயில்ல எது மொதல்ல வந்தாலும் அம்மனச் சுத்தி வந்துதான் ஆகணும். நேத்து ஒரு புது லோரி வந்துச்சு, அதுவே சுத்திட்டுத்தான் போச்சு."

ஷாமினி ஓடிவந்தாள். "அங்கிள், வேணாம்! குலுக்கக் கூடாது, வெயில் படக் கூடாது. உடனே ஐஸ்ல வைக்கணும்."

"குலுக்கல்லாம் மாட்டேன்மா. நான் நடக்குறது தேர் மாதிரி."

தாம்பாளத்தில் வெற்றிலை, மஞ்சள், எலுமிச்சம்பழம், நடுவில் பூச்சுற்றிய டியூப். ஓரத்தில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்தது. உறுமி மேளக்காரர்களைத் திருவிழா ஒத்திகைக்கென்று காந்தன்தான் வரச்சொல்லியிருந்தார். அவர்கள் சும்மா நிற்பார்களா? உறுமி 'ரூம்ம்ம்' என்றது. கூட்டத்தில் நாலு பேர் ஆடத் தொடங்கினார்கள். தேர் மாதிரி நடப்பதாகச் சொன்ன சேகரன், உண்மையிலேயே தேர் மாதிரி இப்படியும் அப்படியும் சாய்ந்து ஆடிக்கொண்டு, கொதிக்கிற வெயிலில் பிராகாரத்தைச் சுற்றினார். கற்பூரம் அணைந்தபோது, மங்களம் குறையக் கூடாது என்று யாரோ இன்னொரு கட்டி போட்டார்கள்.

சுற்றி முடித்து அவர் திரும்பினால் எதிரே காந்தன், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு.

"அப்ப என் ரத்தம் என்னா, ரோட்டுல போற ரத்தமா? செயலாளர் ரத்தத்துக்கு மேளம் கெடையாதா?"

மேளம் மறுபடி தொடங்கியது. தலைவர் ஒரு சுற்று வந்ததால் செயலாளர் இரண்டு சுற்று வந்தார். பிறகு மற்ற கமிட்டிக்காரர்களும் தாம்பாளத்தைத் தேடத் தொடங்க, ஷாமினி ஐஸ் பெட்டியைப் பூட்டி அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அன்னதானச் சமையலுக்கு நின்ற வேலாயி அக்கா மட்டும், "அடுப்புல சாம்பாரு கெடக்கு, என் ரத்தத்துக்கு ஊர்வலமும் வேணாம் ஒண்ணும் வேணாம், சீக்கிரம் எடு புள்ள," என்று கையை நீட்டிவிட்டு ஓடினாள்.

மறுநாள் திங்கட்கிழமை ஷாமினி டயர் கடைக்கு வந்தாள். சேகரன் இன்னும் பச்சை ஸ்டிக்கரோடுதான் இருந்தார். வேறு சட்டை, அதே ஸ்டிக்கர். கமலவேணி கல்லாவில் இருந்தார்.

"வாம்மா, வா! ரிசல்ட்டா?"

"அங்கிள்... உங்க சாம்பிள் ரிஜெக்ட் ஆயிடுச்சு."

கடையில் டயர் கழற்றிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

"என் ரத்தத்தயா? ரிஜெக்ட்டா?"

"ரத்தத்த மெஷின்ல வச்சுச் சுத்தினா செவப்பு அணுவெல்லாம் கீழ தங்கிடும். மேல வெளுத்த மஞ்சள்ல ஒரு தண்ணி நிக்கும். அதத்தான் நாங்க பாக்கணும். வேலாயி ஆண்ட்டியோடது தங்கம் மாதிரி இருந்துச்சு. உங்களோடது..." ஷாமினி தயங்கினாள். "சிராப் பண்டுங் மாதிரி இருந்துச்சு அங்கிள்."

ரோஜா நிறத்துப் பால் சர்பத்தோடு தன் ரத்தம் ஒப்பிடப்பட்டதைச் சேகரன் ஜீரணிக்கச் சிறிது நேரம் பிடித்தது.

"குலுக்கினதுலயும் சூட்டுலயும் செவப்பு அணு ஒடைஞ்சிடுச்சு. அது ஒடைஞ்சா அதுக்குள்ள இருக்கிற மைக்ரோ ஆர்.என்.ஏ எல்லாம் வெளிய கொட்டிடும். அப்புறம் எது குழாய் அடைச்சதால வந்தது, எது மேளத்தால வந்ததுன்னே தெரியாது."

"காந்தனோடது?"

"அதவிட செவப்பு. ரெண்டு சுத்துல்ல."

சேகரன் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அதற்குள் கமலவேணி கல்லாவை அறைந்து மூடிவிட்டு எழுந்து வந்தார்.

"அம்மாடி, நீ நேத்து கேட்டதுக்கு இவரு பொய் சொன்னாரு. வெள்ளிக்கெழம மைக்க கீழ போட்டாரு. கை வரல. வாய் கோணிச்சு. பேச்சு கொழகொழன்னு போச்சு. கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு."

ஷாமினியின் சிரிப்பு நின்றது. "வெள்ளிக்கெழமயா? ஆண்ட்டி, சரியாயிடுச்சுங்கிறதுக்காக விடக் கூடாது. அது எச்சரிக்கை மணி. அடுத்தது பெருசா வரலாம், இன்னிக்கே வரலாம். இப்பவே ஆஸ்பத்திரி போங்க."

"உன் டெஸ்ட்ட இன்னொரு வாட்டி எடுத்துப் பாத்துட்டு..." என்றார் சேகரன்.

"அங்கிள், என் டெஸ்ட் நல்லா வந்து, ஆஸ்பத்திரியில வைக்க எத்தனை வருஷம் ஆகும்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் உங்க மூளை காத்திருக்குமா? ஆஸ்பத்திரியில இன்னிக்கே கழுத்துல ஸ்கேன் வச்சுப் பாத்துடுவாங்க."

சேகரன் ஒரு லோரி டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஆண்டுக் கூட்டம் முடியட்டும் என்றார். மருந்து வரிசையில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார். கமலவேணி கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அழுதால் நடக்காது, திட்டினாலும் நடக்காது. இத்தனை வருஷத்தில் அவரை நகர்த்தியது ஒன்றே ஒன்றுதான். கமலவேணி கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டினார். பிறகு, வானிலை பேசுவது போல் சொன்னார்:

"காந்தன் அண்ணன் இப்பத்தான் ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறாராம். கழுத்து ஸ்கேன் எடுக்க. ஆண்டுக் கூட்டத்துல பெரிய ஸ்க்ரீன்ல போடப்போறாராம்."

"கார் சாவி எங்க?" என்றார் சேகரன்.

அதே நேரம் காந்தன் வீட்டில், அவர் மனைவியின் கைப்பேசிக்கு வந்த செய்தி இப்படி இருந்தது: 'தலைவர் கழுத்து ஸ்கேன் எடுக்கப் போறாரு. கூட்டத்துல படம் போடுவாராம்.' கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகச்சொல்லி கிளினிக்கில் சொன்னதைப் பல மாதமாகத் தள்ளிப்போட்ட காந்தன், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். பொய்யை உண்மையாக்குவதற்குக் கமலவேணிக்கு ஒரு வாட்ஸப் செய்தி போதுமாக இருந்தது.

இரண்டு காரும் ஆஸ்பத்திரி வாசலில் ஒரே இடத்துக்கு முட்டிக்கொண்டன. ஆனால் உள்ளே போனதும் சேகரனுக்கு முன்னுரிமை கிடைத்தது. வெள்ளிக்கிழமை நடந்ததைக் கமலவேணி சொன்னதும் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மருந்துக்குக் காத்திருந்த கோயில் மெம்பர்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். சேகரன் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். பழக்கதோஷம்.

அங்கே டாக்டர் ஃபாரா என்ற இளம்பெண், "பக்சிக், சட்டையில இது என்ன?" என்று மாமா முறை வைத்து மலாயில் கேட்டு, பச்சை ஸ்டிக்கரைப் பிய்த்துக் குப்பையில் போட்டார். கழுத்தில் குளிர்ந்த ஜெல்லைத் தடவினார். திரையில் ஒரு குழாய் தெரிந்தது. அதன் சுவரில் ஓரிடத்தில் திட்டாக ஏதோ படிந்திருந்தது. அதைத் தாண்டிப் போக ரத்தம் நெருக்கியடித்துக்கொண்டு நெளிந்தது.

வந்தது சின்ன ஸ்ட்ரோக் என்றார் டாக்டர். தானாக விலகியது அதிர்ஷ்டம். இன்னும் சில நாள் டயரையே கட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் மாத்திரைகளை உடனே, தன் கண் முன்னாலேயே விழுங்கவைத்தார். படுக்கையில் தங்க வேண்டும் என்றார்.

சேகரனுக்கு அப்போதுதான் பயம் வந்தது. வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். விரல்களை மடக்கினார், நீட்டினார். கமலவேணி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணி, வெளிய யாருக்கும்..."

"தலைவரே," என்றது திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். காந்தன்!

அந்தக் குரலே, மெல்ல: "உங்களுக்கு எவ்வளவு?"

சேகரன் மனைவியைப் பார்த்தார். உண்மையைச் சொன்னார். "நாப்பத்தஞ்சு பெர்சென்ட் அடைச்சிருக்காம்."

"...எனக்கு முப்பது."

"முப்பதா?" சேகரன் தலையணையிலிருந்து எழுந்துவிட்டார். "முப்பதெல்லாம் ஒரு அடைப்பா? அது தூசு. ஃபூன்னு ஒரு ஊது, போயிடும்."

"ரெண்டு பக்கமும் முப்பதுங்க! கூட்டிப் பாருங்க!"

"கழுத்துல அடைப்பக் கூட்டக் கூடாதுய்யா. நீ கவர்மென்ட்டுல எப்படிக் கணக்குப் பாத்த?"

டாக்டர் ஃபாரா வந்து இரண்டு பக்சிக்குகளையும் அதட்டினார்.

ஆண்டுக் கூட்டத்தன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. சேகரன் மேடை ஏறினார். கொஞ்சம் இளைத்திருந்தார். முன்வரிசையில் கமலவேணி, சேகரன் கண்ணில் படும் இடத்தில், மறுபடி ரத்தம் எடுக்க வந்த ஷாமினி, ஐஸ் பெட்டியோடு.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேன். பொய். எனக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. கழுத்துக் குழாய்ல நாப்பத்தஞ்சு பெர்சென்ட் அடைப்பு." மண்டபம் அதிர்ந்து அமைதியானது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பேச்சை எல்லோரும் கேட்கிறார்கள் என்பது சேகரனுக்குப் புரிந்தது. அந்தப் போதை எந்த மாத்திரைக்கும் அடங்காதது. மனுஷன் சும்மா இருப்பாரா? "நாப்பத்தஞ்சு பெர்சென்ட் அடைப்ப கழுத்துல வச்சிக்கிட்டுத்தான், இந்தக் கோயிலுக்குக் கூரை போட்டேன்! நாப்பத்தஞ்சு பெர்சென்ட் அடைப்போடதான் போன வருஷம் தீ மிதிச்சேன்!"

விசில் பறந்தது. காந்தன் எழுந்து தன் முப்பதைப் பற்றிச் சொல்ல முயன்றார். "ஒக்காருங்கண்ணே, முப்பதுக்கெல்லாம் தலைவர் பதவியா," என்று வேலாயி அக்கா கத்தியதில் மண்டபம் சிரித்துப் புரண்டது. போட்டியில்லாமல் சேகரன் மறுபடி தலைவரானார்.

"மேலும் என்ன சொல்றேன்னா..." என்று அவர் வழக்கமான அரைமணி நேரத்துக்கு ஆயத்தமானபோது, கமலவேணி எழுந்து நின்றார்.

"மன்னிக்கணும். இவரு ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல பேசக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க."

அந்தக் கோயில் வரலாற்றிலேயே பெரிய கைதட்டல் அதுதான். சில பேர் எழுந்து நின்று தட்டினார்கள். மேளக்காரர் அவசரப்பட்டு ஒரு தட்டுத் தட்டிவிட்டார். டாக்டர் ஃபாரா அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது இரண்டு பேருக்குத் தெரியும். அதில் ஒருவரான சேகரன், மேடையில் வாயைத் திறந்து, மனைவியின் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் ஷாமினியின் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். பிரச்சினை என்னவென்றால் பச்சை ஸ்டிக்கரை யாரும் தொடவில்லை.

"எனக்கு செவப்பு குடும்மா. எங்க வீட்டுல எல்லாருக்கும் கொழுப்பு."

"எனக்கு நடந்தா மூச்சு வாங்குது, செவப்புல சேர்க்க மாட்டியா?"

"அது ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குத்தாங்க!" என்று ஷாமினி கெஞ்சினாள். "நல்லா இருக்கிறவங்க வேணும் எனக்கு! நல்லா இருக்கிறவங்க யாருமே இல்லையா?"

"இந்தா, எனக்குப் பச்சை போடு," என்று கையை நீட்டினாள் வேலாயி அக்கா.

"நீங்கதான் ஏற்கெனவே குடுத்துட்டீங்களே!"

சேகரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சிவப்பு ஸ்டிக்கரை முறைப்படி வாங்கி, ஒன்றே ஒன்று, நெஞ்சில் ஒட்டிக்கொண்டார். சட்டைக் கையை மடித்தார். நளினி மிஸ்ஸி ஊசியை ஏற்றினார். டியூப் நிறைந்தது. கொஞ்ச தூரத்தில் உறுமிக்காரர் கோலைக் கையில் எடுத்துக்கொண்டு தலைவரின் முகத்தையே பார்த்தார். யாரோ தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சேகரன் வலது கையைத் தூக்கினார். நன்றாகவே தூக்க முடிந்தது. ஒரு விரலை உதட்டில் வைத்தார்.

டியூப் ஒரு சத்தமும் இல்லாமல் ஐஸ் பெட்டிக்குள் போனது. பின்னாலேயே காந்தன் வந்து நின்றார்.

"தலைவரே, உங்களுது மேளம் இல்லாமத்தானே போச்சு?"

"ஆமா."

"அப்ப எனக்கும் வேணாம்," என்றார் காந்தன். "ஆனா நீங்க எனக்கு முன்னாடி போனத நான் கவனிச்சேன்."